கை மாறின நம்ம நேச்சுரல் ஒயின் பார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பத்து வருஷத்துக்கு மேல ஒரே ஓனர் நடத்திட்டு வந்த ஒரு சின்ன நேச்சுரல் ஒயின் (வெளிப்பொருள் முடிஞ்ச அளவு சேக்காம செய்யுற ஒயின்) பார் இப்ப வேற ஒருத்தர் கைக்குப் போயிருக்கு. மூடல, பேர் மாறல, கவுண்டர் கூட அதேதான். ஆனா அங்க வழக்கமா போயிட்டிருந்த எங்களுக்கு அது பெரிய இழப்பாத்தான் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. கை மாத்துற அந்த மாசங்கள்ல கீழ செல்லர்ல, அதாவது ஒயின் வெக்கிற நிலவறைல, பாட்டில் எண்ணுற வேலைக்கு நானும் கூட இருந்தேன். வித்தவங்க வாங்கினவர் ரெண்டு பேருமே சரின்னு சொன்னதாலதான் எழுதுறேன், பேர் ஊர் எதுவும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால நாங்க எல்லாரும் கூப்பிட்ட மாதிரி அக்கான்னும், அவர புது ஓனர்னும் மட்டும் சொல்றேன். இந்த மாதிரி ஒரு பார் கை மாறும்போது நிஜமாவே எதெல்லாம் போய்ச் சேருது, எது பத்திரத்துல வராமலே நழுவிடுதுன்னு பக்கத்துல இருந்து பாத்தேன், அதை முழுசா எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

ஏன் வித்தாங்க, யாருக்கு வித்தாங்க

கடன் இல்ல. வியாபாரமும் படுக்கல. அக்காவுக்கு முழங்கால் போச்சு, அவ்வளவுதான். செல்லருக்கு இறங்குற படி செங்குத்து, 12 பாட்டில் கேஸ் ஒண்ணு பதினஞ்சு பதினாறு கிலோ வரும், அதைத் தூக்கிட்டு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குறது. ஆள் வெச்சுத் தூக்கலாம்தான், ஆனா எந்தப் பாட்டில எடுக்கணும்னு அவங்களே இறங்கிப் பாத்தாத்தான் அவங்களுக்கு நிம்மதி. அந்த நேரத்துல லீஸ் புதுப்பிக்கிற தேதியும் வந்துச்சு, இன்னொரு நீண்ட காலத்துக்குக் கையெழுத்துப் போட உடம்பு தாங்காதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

ரெண்டு பேர் கேட்டாங்க. ஒண்ணு, நிறைய இடம் நடத்துற ஒரு குரூப், பணம் அதிகம். அவங்களுக்கு வேண்டியது இடமும் பேரும் லைசென்ஸும்தான், செல்லர்ல இருக்குறத மொத்தமா ஏலத்துல தள்ளிடுவோம்னு வெளிப்படையாவே சொன்னாங்க. இன்னொருத்தர் வேற ஒயின் பார்கள்ல வேலை பாத்த ஆள், நல்ல நாக்கு, பணம் கம்மி, செல்லர் அனுபவம் ரொம்பக் கம்மி. அக்கா ரெண்டாவது ஆளத் தேர்ந்தெடுத்தாங்க, அதுக்காக விலையில நல்லாவே விட்டுக்கொடுத்தாங்க. ஆனா ஒரு கண்டிஷன் போட்டாங்க: கையெழுத்துக்கு முன்னாடி கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவர் கூட நின்னு வேலை செய்யணும். என்னைக் கேட்டா இந்தக் கதையில நடந்த நல்லது எல்லாமே இந்த ஒரு கண்டிஷன்ல இருந்து வந்ததுதான்.

இந்த யோசனை அவங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னா அவங்க வாங்குற ஒயின்காரங்கள்ட்ட இருந்துதான். ஃபிரான்ஸ்ல ஜூரா பகுதியில ப்யூபியான்ங்கிற கிராமத்துல பியேர் ஓவர்நுவான்னு ஒருத்தர், 1980கள்ல இருந்தே சல்ஃபர் (ஒயின் கெடாம இருக்கச் சேக்குறது) சேக்காம ஒயின் செஞ்சவர். அவர்ட்ட டீனேஜ் பையனா வேலைக்குச் சேந்த இமானுவேல் ஹூயோன், வருஷக்கணக்கா பக்கத்துல நின்னு கத்துக்கிட்டு 2001ல தோட்டத்த எடுத்து நடத்த ஆரம்பிச்சார், லேபிள்ல ரெண்டு பேர் பேரும் இருக்கும். ஃபிரான்ஸ்லயே போஜொலே பகுதியில மார்செல் லாபியேர் 2010ல இறந்தப்ப மகன் மத்தியூ ஏற்கனவே அங்க வேலைல இருந்தார், அப்புறம் மகள் கமீலும் சேந்தாங்க. இத்தாலி எல்லைல ஓஸ்லாவியாவுல ஸ்டான்கோ ராடிகோன் 2016ல போனதும் மகன் சாஷா தொடர்ந்தார். அதாவது இந்த ஒயின் உலகத்துல முதல் தலைமுறை ஆளுங்க எல்லாம் கை மாத்திக்கிட்டிருக்காங்க, அவங்க அதை ஒரு கையெழுத்துல செய்யல, பல அறுவடைய சேந்து பாத்துச் செஞ்சாங்க. பார்கள்ல மட்டும் சாவிய நீட்டினா முடிஞ்சதுன்னு நெனைக்கிறோம்.

பத்திரத்துல இருக்குறது

இதுல சொல்லப் பெருசா ஒண்ணும் இல்ல. லீஸ், லைசென்ஸ், ஃப்ரிட்ஜ் கிளாஸ் மேசை நாற்காலி, பேர், வாடிக்கைன்னு ஒரு தொகை, ஸ்டாக் தனியா எண்ணி மதிப்புப் போட்டு இன்னொரு தொகை. லைசென்ஸ் சில நாட்டுல இடத்தோட ஒட்டி இருக்கும், சில நாட்டுல ஆளோட ஒட்டி இருக்கும், எப்படி இருந்தாலும் புது பேப்பர் கைக்கு வர நாளாகும். இங்க அது வந்ததுக்கு அப்புறம்தான் கை மாத்துற தேதியவே குறிச்சாங்க, அதனால ஒரு நாள் கூட மூடவேண்டி வரல. தேதிய முதல்ல அறிவிச்சுட்டு லைசென்ஸுக்காகக் கதவ அடைச்சு வெச்சுக் காத்திருக்குற இடங்களப் பாத்திருக்கேன், அந்த நேரத்துல பழகின ஆளுங்க வேற எங்கயாவது பழகிடுவாங்க.

ஸ்டாக், அதாவது நிஜமான வேலை

சாதாரண பார்ல ஸ்டாக் எண்ணுறது ஒரு நாள் வேலை. இங்க வாரக்கணக்கா இழுத்துச்சு, அதுக்குக் காரணம் ஒயின்தான்.

மொதல்ல, எந்தப் பாட்டில் என்னன்னு லேபிளப் பாத்து ஒரு வெளியாள் சொல்ல முடியாது. நேச்சுரல் ஒயின் செய்யுறவங்கள்ல நிறைய பேர் அப்பெல்லேஷன் கமிட்டியோட (ஒயின்ல ஊர் பேர் போட அனுமதிக்கிற குழு) சண்டை போட்டோ சலிச்சோ வெளிய வந்துட்டு வெறும் வான் தெ ஃபிரான்ஸ், அதாவது ஃபிரான்ஸ் ஒயின்னு மட்டும் போட்டு விப்பாங்க, ஊர் பேர் இருக்காது, பல நேரம் திராட்சை பேர் கூட இருக்காது, ஒரு ஓவியம் ஒரு விளையாட்டுப் பேர் அவ்வளவுதான். 2009க்கு முந்தின டேபிள் ஒயின்ல (இந்த வகைக்கு அப்ப இருந்த பேர்) வருஷம் போடவே சட்டம் விடல, அதனால லாட் நம்பர்ல (ஒரே தொகுதியா பாட்டில் பண்ணினதுக்கு வெக்கிற நம்பர்) சின்னதா ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அக்கா பார் தொடங்கின காலத்துல யாரோ ஒருத்தர்ட்ட பழைய கலெக்‌ஷன் வாங்கினதுல அப்படி ஒரு அடுக்கு இருந்துச்சு. ராடிகோன் பாட்டில் பலது அரை லிட்டர்லயும் ஒரு லிட்டர்லயும் வரும், எல்லாத்தையும் வழக்கமான 750 மில்லி கணக்குல போட்டா தப்பா வரும். அக்கா ஒவ்வொரு பாட்டிலா கையில எடுத்து இது யாரு, எந்த வருஷம், யார் மூலமா வந்துச்சு, கடைசியா திறந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்லச் சொல்ல நாங்க எழுதினோம். அந்த நோட்டுப் புத்தகம் பத்திரத்துல எங்கயும் கிடையாது, ஆனா மொத்த விற்பனையில அதைவிட மதிப்பான பொருள் ஒண்ணு இல்லன்னு நான் உறுதியா நம்புறேன்.

ரெண்டாவது, கெட்டுப்போன பாட்டில் எதுன்னு முடிவு பண்றது. இங்கதான் ரெண்டு பேருக்கும் நிஜமான இழுபறி வந்துச்சு. சல்ஃபைட்டுக்கு, அதாவது ஒயின்ல இருக்குற அந்த சல்ஃபருக்கு, ஐரோப்பிய வரம்பு டிரை (இனிப்பில்லாத) ரெட்டுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், டிரை ஒயிட்டுக்கு 200. 2020ல ஃபிரான்ஸ்ல வந்த வான் மெத்தோட் நத்யூர்ங்கிற நேச்சுரல் ஒயின் முத்திரைக்கு 30 தான் உச்சம், சேக்கவே சேக்காத ஆளுங்களும் உண்டு. அப்படி இருக்குற ஒயினுக்குக் காவல் கம்மி. செல்லர் சூடாகக்கூடாது, 14 டிகிரிக்குக் கீழ வைங்கன்னு பல பேர் பின் லேபிள்லயே எழுதியிருப்பாங்க. அதையும் மீறி சிலதுல எலி வாடை வரும். இது மோப்பத்துல சிக்காது, ஏன்னா ஒயினோட அமிலத்துல அந்த டெட்ராஹைட்ரோபைரிடின் வகை மாலிக்யூல் ஆவியாகாது, வாய்க்குள்ள எச்சில்ல கலந்து பிஹெச் ஏறினதும், அதாவது அமிலம் கொறஞ்சதும்தான் வெளிய வரும், முழுங்கிக் கொஞ்ச நேரம் கழிச்சு தொண்டைக்கிட்ட அடிக்கும். சில பேருக்கு அது தெரியவே தெரியாது. இன்னொரு சங்கதி, பாட்டிலுக்குள்ளயே சில மாசமோ சில வருஷமோ கழிச்சு அது தணிஞ்சும் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

அப்ப அந்தப் பாட்டிலுக்கு என்ன விலை போடுறது? புது ஓனர் பூஜ்யம்னார். அக்கா வாங்கின விலைன்னாங்க, வெயிட் பண்ணினா சரியாகும், எனக்குத் தெரியும்னாங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருந்துச்சு. பத்து வருஷமா அந்த லாட்டுகளத் திறந்து பாத்த அனுபவம் இவங்களுக்கு, அந்த அனுபவத்த நம்பி மாசா மாசம் வாடகை கட்டவேண்டியவர் அவர். கடைசியில அவங்க செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்சுது: சந்தேகமான ஒவ்வொரு லாட்லயும் ஒண்ணு திறந்தாங்க, ரெண்டு பேருமா ருசி பாத்தாங்க, அரை பாட்டில அப்படியே வெச்சு ஒரு மணி நேரம் கழிச்சும் மறுநாளும் திரும்பப் பாத்தாங்க. திறந்து காத்துப்பட்டதும் எலி வாடை ஏறுற ஒயினும் உண்டு, முட்டை நாத்தம் அடிச்ச ஒயின் மறுநாள் பழமா மணக்குறதும் உண்டு, அதனால ஒரே வாய் குடிச்சுட்டு தீர்ப்பு சொல்லக்கூடாது. அதுக்கப்புறம் ஸ்டாக்க மூணா பிரிச்சாங்க. இப்பவே விக்கலாம்ங்கிறது முழு விலை. தீந்துபோனது கணக்குல இருந்து அடிச்சாச்சு. காத்திருக்கணும்ங்கிறத பூட்டின ரேக்ல வெச்சு, குறிச்ச இடைவெளில ரெண்டு பேரும் சேந்து ருசி பாத்து, தேறினா மட்டும் அப்ப விலை கொடுக்குறதுன்னு எழுத்துல போட்டுக்கிட்டாங்க. இதுல இன்னொரு நல்லதும் நடந்துச்சு. கை மாறினதுக்கு அப்புறமும் அக்கா வந்துபோக ஒரு காரணம் கிடைச்சுது.

வாங்கின விலையா இன்னைக்கு மார்க்கெட் விலையான்னும் ஒரு கேள்வி இருந்துச்சு, ஏன்னா ஓவர்நுவா பாட்டில் மாதிரி சிலதுக்கு இப்ப வெளிய கேக்குற விலை அன்னிக்கு வாங்கினதுக்கு சம்பந்தமே இல்லாம ஏறியிருக்கு. அக்கா யோசிக்காம வாங்கின விலைன்னே சொல்லிட்டாங்க. ஒயின் செஞ்சவர் குடிக்கிறதுக்குன்னு கொடுத்தத நான் ஏறின விலைக்குக் கைமாத்தினா அவர் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு கேட்டாங்க.

அலகேஷன்

வெளியாளுங்களுக்குப் புரியாத விஷயம் இதுதான். இந்த ஒயின் செய்யுறவங்க நிறைய பேர்ட்ட சில ஹெக்டேர் தோட்டம்தான் இருக்கும், வருஷத்துக்குச் சில ஆயிரம் பாட்டில் உலகம் முழுக்கப் போகணும். அதனால காசு இருந்தா வாங்கலாம்ங்கிறது கிடையாது, இறக்குமதி பண்றவர் இந்த பாருக்கு இத்தனை பாட்டில்னு ஒதுக்குவார். அது நல்ல வருஷத்துல மட்டும் இல்லாம கெட்ட வருஷத்துலயும் வாங்கினியாங்கிறதப் பொறுத்தது. 2021 ஏப்ரல்ல ஃபிரான்ஸ் முழுக்க உறைபனி அடிச்சு மொட்டெல்லாம் கருகிப் போச்சு, ஜூராவுல ரொம்ப மோசம். சில பேர் தோட்டத்துல காய்க்காததால வெளிய திராட்சை வாங்கி ஒயின் செஞ்சாங்க, வழக்கமான பேர் போட முடியல, விக்கிறது கஷ்டம். அக்கா அந்தப் பாட்டில்கள எல்லாம் எடுத்துக்கிட்டாங்க, கிளாஸ் கிளாஸா ஊத்தி வந்தவங்களுக்குக் கதை சொல்லி வித்தாங்க. அடுத்தடுத்த வருஷம் அவங்களுக்கு ஒதுக்கினது குறையாம வந்ததுக்குக் காரணம் அதுதான்.

இந்த உறவ எப்படி விக்கிறது? விக்க முடியாது. அறிமுகம்தான் செய்ய முடியும். அந்த ஒரு வருஷத்துல அக்கா புது ஓனர ஒவ்வொரு இறக்குமதிக்காரர்ட்டயும் கூட்டிட்டுப் போனாங்க, ருசி பாக்குற கூட்டங்களுக்கு ரெண்டு பேருமா போனாங்க, அறுவடை நேரத்துல அவர ஒரு தோட்டத்துக்கு வேலைக்கே அனுப்பி வெச்சாங்க. ஆர்டர அவர் கையால போடவிட்டு தப்பா போட்டா மட்டும் சொன்னாங்க. ஒண்ணு ரெண்டு பேர் ஆரம்பத்துலயே முகத்துக்கு நேரா, உங்களுக்குக் கொடுத்தோம், அவருக்குக் கொடுப்போமான்னு பாக்கலாம்னாங்க. அதுல ஒருத்தர் இன்னிக்கும் பாதிதான் கொடுக்குறார். அவரத் தப்பு சொல்ல முடியாது, அவரும் யாரையோ வெட்டித்தான் இங்க கொடுக்கணும்.

தப்பா போனது

வேலை செஞ்ச பசங்களுக்குச் சொன்ன விதம். அக்கா முதல்ல இறக்குமதிக்காரங்களுக்குச் சொன்னாங்க, அப்புறம் ரொம்ப நெருக்கமான சில வாடிக்கைக்காரங்களுக்கு, பசங்களுக்கு எல்லாம் உறுதியானதும் சொல்லலாம்னு வெச்சிருந்தாங்க, பதறக்கூடாதேன்னு. ஆனா ஒரு ராத்திரி கவுண்டர்ல உக்காந்திருந்த ஒருத்தர், பழைய ஓனர் போனதும் நீ இருப்பியான்னு ஊத்திக்கிட்டிருந்த பையன்ட்ட கேட்டுட்டார். அவனுக்கு அதுதான் முதல் சேதி. எங்களுக்கு எல்லாம் நாக்குல என்ன பிடிக்கும்னு மனப்பாடமா வெச்சிருந்த பையன், ஒருத்தர் இன்னிக்கு சோந்து வந்தா எதை ஊத்தணும் சந்தோஷமா வந்தா எதை ஊத்தணும்னு தெரிஞ்சவன். அடுத்த மாசமே வேற இடத்துக்குப் போயிட்டான். அக்கா அழுதாங்க, மன்னிப்புக் கேட்டாங்க, அவனும் கோவமா போகல, ஆனா போயிட்டான்.

இது சின்ன விஷயம் இல்ல. லிஸ்ட்ல பாதிக்கு மேல பேரே தெரியாத ஒயின் இருக்குற இடத்துல, வர்றவங்க லிஸ்ட வாசிச்சு ஆர்டர் பண்ண மாட்டாங்க, எனக்கு என்ன கொடுப்பன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற ஆள்தான் அங்க பாரே. நோட்டுப் புத்தகத்துல பாட்டில் பத்தி எழுதினோம், வர்ற ஆளுங்க பத்தி அவனுக்குத் தெரிஞ்சத எழுத யாருக்கும் தோணல, தோணியிருந்தாலும் அது எழுத்துல அடங்குமான்னு தெரியல. இப்படி ஒரு விற்பனை நடக்கும்னா வேலை செய்யுறவங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும், உறுதியாகாட்டியும் பரவாயில்ல, அவங்க பதறினாலும் பரவாயில்ல.

கடைசி வாரங்கள்

பெரிய பார்ட்டி வெக்கச் சொல்லி எல்லாரும் கேட்டோம். அக்கா வேண்டாம்னுட்டாங்க. விஷயம் வெளிய தெரிஞ்சதும் நடந்தத பாத்தா அவங்க முடிவு சரிதான். பல வருஷமா எட்டிப் பாக்காதவங்க எல்லாம் கடைசியா ஒரு தடவைன்னு வந்து, அந்தப் பாட்டில் இருக்கா இந்தப் பாட்டில் இருக்கான்னு கேக்க ஆரம்பிச்சாங்க, சில பேர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவும் கேட்டாங்க. பிரியத்துலதான் கேட்டாங்க, ஆனா அந்தப் பிரியத்துலயே செல்லர் காலியாகிடும். வாங்குறவருக்கு எண்ணிக் கொடுத்த பாட்டில் அது, அவர் முதல் மாசத்துலயே காலி ரேக்க வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்? அதனால எண்ணுறதுக்கு முன்னாடியே வழியனுப்புறதுக்குன்னு ஒரு பங்க அக்கா தனியா ஒதுக்கி வெச்சிருந்தாங்க, பத்திரத்துலயும் அது எழுதியிருந்துச்சு. கடைசி மூணு வாரம் தினமும் ராத்திரி அதுல இருந்து ஏதோ ஒண்ணு மட்டும் திறந்து கிளாஸ்ல ஊத்தினாங்க. என்ன திறப்பாங்கன்னு முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. வீட்டுக்குப் பார்சல் கிடையாது. யார் வந்தாலும் ஒரு கிளாஸ், பழைய ஆளா புது ஆளான்னு பாக்கல.

எனக்கு அதுல மறக்க முடியாத ராத்திரி ஒரு மோர்கோன், அதாவது போஜொலேயில இருந்து வர்ற ஒரு ரெட், திறந்தது. லாபியேர் ஆளுங்க பாணியில செஞ்சது, இந்த சல்ஃபர் இல்லாத ஒயின் கதையே அங்க ஜூல் ஷோவேன்னு ஒரு வியாபாரி, கெமிஸ்ட்டும் கூட, அவர்ட்ட இருந்து கிளம்பினதுன்னு அக்கா சொல்லிக்கிட்டே ஊத்தினாங்க. பக்கத்துல முதல் தடவையா வந்திருந்த ஒரு ஜோடி, பார் விக்கிறாங்கன்னே தெரியாம உள்ள வந்தவங்க, அவங்களுக்கும் அதே ஒயின், அதே கதை, அதே பொறுமை. ஊத்தினது புது ஓனர், கதை சொன்னது அக்கா. அடுத்த வாரம் வேற ஒரு டேபிள்ல அதே கதைய புது ஓனர் சொல்லிக்கிட்டிருந்தார், கொஞ்சம் மாத்தி, அவர் அறுவடைல பாத்ததச் சேத்து.

ஆறு மாசம் கழிச்சு

லிஸ்ட் சின்னதாயிருக்கு. பெட் நாட் (பாட்டிலுக்குள்ளயே நொதிச்சு நுரைக்கிற ஒயின்) அதிகமாயிருக்கு, பழைய ஜூரா ஒயின் குறைஞ்சிருக்கு, காசு சுழலணும்ல. செல்லர்ல டெம்பரேச்சர் சென்சார் மாட்டியிருக்கார், அக்கா காலத்துல அவங்க கன்னத்த வெச்சுப் பாத்துதான் சொல்லுவாங்க, இது முன்னேற்றம்தான். பழைய ஆளுங்கள்ல கொஞ்சப் பேர் வர்றதில்ல. அவங்கள வற்புறுத்தவும் எனக்கு மனசு வரல, அவங்களுக்கு அந்த இடம்ங்கிறது அக்காதான். நான் போறேன். முதல் சில வாரம் உள்ள நுழையுறப்ப நெஞ்சு அடைக்கும், இப்ப கொறஞ்சிருக்கு.

பேர் அப்படியே இருந்து ஆள் மாறினா இடம் செத்துடும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பாரிஸ்ல பாஸாஜ் தே பனோரமாங்கிற கூரை போட்ட கடைத்தெருவுக்குள்ள ரசீன்னு ஒரு இடம், பியேர் ஜான்கூ 2007ல நேச்சுரல் ஒயினுக்குன்னே தொடங்கினது. அவர் அதை வித்துட்டு வேற இடங்களுக்குப் போயிட்டார். ரசீன் அதே பேர்ல கை மாறி, அப்புறம் சார்டீனியாக்காரர் சிமோனே தோந்தோ அடுப்படிக்கு வந்தார், 2019ல மிஷெலின் ஸ்டார் வாங்குச்சு. முதல் ரசீன நேசிச்சவங்களுக்கு இது அந்த ரசீன் இல்லதான், ஆனா ஒயின் அங்க இன்னும் ஊத்துறாங்க, புதுசா நேசிக்கிறவங்களும் இருக்காங்க.

பூட்டின ரேக்ல இருந்த லாட்டுகள்ல முதல் தடவை ருசி பாத்தப்ப பாதிக்குக் கொஞ்சம் கம்மியா தேறிடுச்சு, புது ஓனர் அன்னிக்கே காசு கொடுத்துட்டார். ஒரு ஒயிட் மட்டும் முன்னவிட மோசம், அக்காவே ஊத்திடலாம்னு சொல்லிட்டாங்க. மிச்சம் இருக்குறத அடுத்த வசந்தத்துல திறக்கணும். பாதி அலகேஷன் கொடுக்குற அந்த ஆள் அன்னிக்கு தானும் வர்றேன்னு சொல்லியிருக்கார், அவர் இறக்குமதி பண்ணின பாட்டில் ரெண்டு லாட் அந்த ரேக்லதான் இருக்கு.